கடித்தாளா, கடிந்தாளா?

அத்தியாயம் 11

காலை ஆறரை மணிக்கே பரிசோதனை நிலையத்தில் பதினெட்டுப் பேர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். வெறும் வயிற்றுக்காரர்களிடம் பொறுமையை எதிர்பார்க்கவே கூடாது. அதுவும் டோக்கன் இயந்திரம் மூன்றாவது நாளாக மக்கர் செய்துகொண்டிருக்கும்போது.

சின்னவள் கையுறையை மாட்டிக்கொண்டு முதல் ஆளைக் கூப்பிட்டாள். கழுத்துக்குக் கீழே முதுகு இப்போதே வலிக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் பதினெட்டு முழங்கைகள். அதற்குப் பிறகு பத்து மணிக் கூட்டம் வேறு.

இந்த வீட்டாரை இன்றுதான் முதல்முறையாகச் சந்திக்கிறீர்கள் என்றால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய வாசகர்கள் ஒரு வாய் டீ குடித்துவிட்டு வாருங்கள்.

வீட்டில் மூன்றே பேர். அம்மா, நூலகக் கவுண்டரில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். பெரியவன், அச்சகத்தில் பிழை திருத்துபவன். நாற்பத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை. மெய்யெழுத்தின் மேல் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான் என்பதால் அச்சகத்தில் அவன் பெயரே 'புள்ளி' ஆகிவிட்டது. சின்னவள் அவன் தங்கை. ஒத்துவராத குடித்தனத்தைப் போன வருடம் முடித்துக்கொண்டு, இரண்டு பைகளோடு இந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். ஊசி போட்டு ரத்தம் எடுப்பது அவள் உத்தியோகம். மிச்ச நேரத்தில் உட்கார்ந்து ஒரு காட்டேரி நாவல் எழுதிவிட்டாள்.

'பகல் பசி' என்று பெயர். அண்ணன் வேலை பார்க்கும் அச்சகத்துப் பதிப்பாளரே வெளியிட்டார். வந்து இரண்டே மாதத்தில் முதல் பதிப்பு தீர்ந்துபோனது. 'ரத்தம் எடுக்கும் பெண் எழுதிய ரத்தக் காட்டேரி' என்று ஒரு பத்திரிகை அவள் படத்தைப் போட்டாலும் போட்டது, அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. வாசகர்கள் கருத்துச் சொல்லக் கடிதம்தான் எழுத வேண்டும் என்பதில்லையே. கையை நீட்டிக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள்.

முதல் ஆள், ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர். சர்க்கரை பார்க்க மாதம் ஒருமுறை வருபவர்.

"படிச்சு முடிச்சுட்டேம்மா உன் புத்தகத்தை."

"சந்தோஷம் சார். கையை இறுக்கி மூடிக்குங்க."

"என்ன காட்டேரி அது? பல்லு இல்ல, சவப்பெட்டி இல்ல. குடையைப் பிடிச்சுக்கிட்டுப் பட்டப்பகல்ல பஸ் ஏறி ஆபீசுக்குப் போகுது. முட்டிவலின்னு தைலம் தேய்ச்சுக்குது. மாசத்துக்கு ஒரு ஸ்பூன் ரத்தம், அதுவும் அவங்கவங்க கிட்ட அனுமதி கேட்டு!"

"லேசா சுருக்குன்னு இருக்கும் சார்."

"நான் வாங்கினது பயப்படறதுக்கும்மா. பாவப்படறதுக்கு எங்க வீட்டுலயே ஆள் இருக்கு."

அடுத்தது கல்லூரிப் பையன். காட்டேரி விடுப்புக் கடிதம் எழுதுகிற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தானாம். அதற்கடுத்து வந்தவர் வாய் திறக்கவில்லை. அவருக்கு அவள் மனதுக்குள் நன்றி சொன்னாள்.

செல்போனில் வரும் கருத்துகள் இன்னும் விசேஷம். 'பார்சல் கிழியாமல் வந்தது, புத்தகம் இன்னும் பிரிக்கவில்லை' என்று ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். 'காட்டேரி என்றால் ஒரு மரியாதை வேண்டாமா?' என்று ஒருவர் ஒற்றை நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் பிடித்தவர்கள், பிடிக்காதவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒன்றாக நின்றார்கள். கடைசி வரி. கடைசி வரியில் அழுதுவிட்டேன், கடைசி வரிக்காகவே மன்னிக்கிறேன், கடைசி வரி போதும்.

அதைக் கேட்டுத்தான் சின்னவள் இத்தனை நாளாக அலுப்பைத் தாங்கிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வரியை எழுதத்தான் நூற்று எண்பத்துமூன்று பக்கங்களையும் எழுதினாள். அது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பினாள்.

ஒன்பதாவதாக வந்தவள் தையற்கடைக்காரி. உட்கார்ந்ததும் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அட்டையின் ஓரம் நைந்திருந்தது.

"கடைசிப் பக்கத்தை மட்டும் எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு எனக்கே தெரியலம்மா. என் பையன் போன மாசம்தான் வேலைக்காக வெளியூர் போனான்."

"அப்படியா? கையை நல்லா நீட்டுங்க." நரம்பு லேசில் அகப்படவில்லை. விரல் நுனியால் தேடிப் பிடித்து, ஊசியை ஏற்றினாள். முதல் குழாயில் ரத்தம் இறங்கியது.

"நானும் வாசல்ல அப்படித்தான் அவனைத் திட்டிக்கிட்டே நின்னேன். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணத் தெரியாதா, ஈரத் துணியைச் சுருட்டி வைக்காதேன்னு ஒரே திட்டு. திட்டலைன்னா அழுதிருப்பேன். அதை எப்படித்தான் கண்டுபிடிச்சு எழுதினீங்களோ."

"திட்டுனீங்களா?"

"அதானே நீங்க எழுதியிருக்கீங்க." அவள் மனப்பாடமாகச் சொன்னாள். "'நிலைப்படியில் நின்றவனின் கையைப் பிடித்துக் கடிந்தாள் அம்மா.' அவ்வளவு பசி அவளுக்கு. எதிர்ல பெத்த பிள்ளையோட கை. ஆனா கடிக்கலையே! கடிஞ்சுக்கிட்டு அனுப்பி வைக்கிறா பாருங்க. அங்கதான் எனக்குத் தாங்கலை."

சின்னவளின் கை தன் வேலையைப் பார்த்தது. பன்னிரண்டு வருடப் பழக்கம். இரண்டாவது குழாயை மாற்றினாள், நிரம்பியதும் ஊசியை எடுத்தாள், பஞ்சை வைத்து அழுத்தச் சொன்னாள். அப்புறம்தான் கேட்டாள்.

"புத்தகத்தை ஒரு நிமிஷம் கொடுங்களேன்."

நூற்று எண்பத்துநான்காம் பக்கம். இந்தப் புத்தகம் அச்சாகி வந்த நாளிலிருந்து அவள் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. அண்ணன் பார்த்த புத்தகத்தில் தான் போய் என்ன பார்ப்பது என்று விட்டுவிட்டாள். இப்போது பார்த்தாள். 'கடித்தாள்' என்று அவள் எழுதியிருந்த இடத்தில் 'கடிந்தாள்' என்று இருந்தது. 'த்' போய் 'ந்' வந்து உட்கார்ந்திருந்தது.

ஒரே ஓர் எழுத்து. காட்டேரி தன் மகனைக் கடித்துவிடுகிறாள் என்று அவள் எழுதியிருந்தாள். லேசாக அதட்டி வழியனுப்புகிறாள் என்று ஊர் முழுக்கப் படித்து அழுதுகொண்டிருக்கிறது.

"கையெழுத்து ஒண்ணு போட்டுக் கொடுங்களேன். அந்த வரிக்குக் கீழேயே போடுங்க" என்றாள் தையற்கடைக்காரி.

மகனை அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கிறவளிடம் என்ன விளக்கம் சொல்வது? தான் எழுதாத வரிக்குக் கீழே சின்னவள் தன் கையெழுத்தைப் போட்டாள். போடும்போது அழுகை வந்தது. பத்தாவது ஆளைக் கூப்பிட்டாள்.

*

பன்னிரண்டரை மணிக்குப் பதிப்பாளர் போன் செய்தார். நல்ல மனிதர். பேசும்போது மூச்சுவிட மட்டும் மறந்துவிடுவார்.

"ரெண்டாம் பதிப்பு நாலு மணிக்கு மிஷின் ஏறுதும்மா. ஏதாவது திருத்தம் இருந்தா அதுக்குள்ள சொல்லிடுங்க. இருக்காது, புள்ளி சார் பார்த்ததுல என்ன இருக்கப் போகுது! பின் அட்டைக்கு ஒரு வாசகர் எழுதினதையே போடறேன். 'கடிக்காமல் கடிந்துகொண்ட காட்டேரி!' எப்படி?"

"சார், அந்தக் கடைசி வரி..."

"அதேதான்! காட்டேரிக் கதை எத்தனையோ வந்தாச்சு, இந்த மாதிரி ஒரு முடிவு வந்ததே இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. கடைசி வரிதாம்மா இந்தப் புத்தகம்."

"கொஞ்சம் நேரம் கொடுங்க சார். வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்."

"நாலு மணி. மறந்துடாதீங்க."

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. சாதாரண நாளாக இருந்தால் ஏறிய மறுநிமிடம் தூங்கியிருப்பாள். இன்று கண்ணை மூடினால் வீட்டு வாசல்தான் தெரிந்தது.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய வாசல். அப்பா போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. வெளியூரில் ஒரு பெரிய நாளிதழில் பெரியவனுக்கு வேலை கிடைத்திருந்தது. அவன் ஆசைப்பட்டு எழுதிப்போட்ட வேலை. செருப்பை மாட்டிக்கொண்டு நிலைப்படி தாண்டியவனின் கையை அம்மா பிடித்தாள். "நீயும் போயிட்டா நான் யாருக்குடா உயிரோட இருக்கணும்?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. கேட்டுவிட்டு, பிடித்த கையை விடவும் இல்லை. பெரியவன் அப்படியே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு செருப்பைக் கழற்றினான்.

சொந்தக்காரர்களிடம் அம்மா இதைச் சொல்கிற விதம் வேறு. "லேசா ஒரு அதட்டு போட்டேன். பிள்ளை புரிஞ்சுக்கிட்டு நின்னுட்டான்." பெரியவனும் தலையை ஆட்டுவான். பின்னால் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்த சின்னவளை யாரும் கேட்கவில்லை. கேட்காததால்தான் அவள் புத்தகம் எழுதினாள். அம்மாவைத் தொலைந்துபோன பொருட்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் காட்டேரி ஆக்கினாள். பதினோரு ஆண்டுகள் மகனின் பக்கம் பசியைத் திருப்பாமல் வைராக்கியமாக இருந்தவள், அவன் கிளம்புகிற நாளில் கடித்துவிடுகிறாள். அண்ணன் அதைப் படிப்பான், தனக்கு நடந்தது என்னவென்று ஒருவராவது பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வான். அவ்வளவுதான் அவள் நினைத்தது.

அதைத்தான் அவன் ஓர் எழுத்தில் அழித்துவிட்டான்.

கவனக்குறைவு என்று நம்ப அவளுக்கு வழியில்லை. அவன் பிழை பார்க்கிற முறை அவளுக்குத் தெரியும். கடைசிப் பக்கத்தில் ஆரம்பித்து, பக்கம் பக்கமாக முன்னால் வருவான். கதைக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டால் பிழை கண்ணில் படாது என்பது அவன் தொழில் விதி. அப்படியென்றால், அந்த வரியைத்தான் அவன் முதலில் பார்த்திருக்கிறான். கண் களைக்காதபோது, பேனாவில் மை நிறைய இருக்கும்போது.

இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டாள். திரும்பி நடந்தாள். வெயிலும் கோபமும் சேர்ந்து தலை இடித்தது.

*

பெரியவன் சாப்பாட்டு மேசையில் புரூஃப் தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அச்சகத்து இரைச்சல் ஒத்துக்கொள்ளாமல், மதியத்துக்கு மேல் வேலையை வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவான். அம்மாவின் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. இந்த நேரத்தில் அவள் படுத்திருப்பாள்.

"அண்ணா, ஒரு புரூஃப் பார்க்கணும்."

"வெச்சிட்டுப் போ. இது அவசரம்."

"ஒரே ஒரு வரிதான்."

அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து, நூற்று எண்பத்துநான்காம் பக்கத்தை விரித்து, அவன் தாள்களின் மேல் வைத்தாள். அவன் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். துடைக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

"எப்பப் பார்த்தே?" என்றான் மெதுவாக.

"இன்னைக்குக் காலைல. ஒரு அம்மா படிச்சுக் காட்டினாங்க. கண்ணு கலங்கினாங்க வேற."

"ரெண்டு மாசமா நீ திறந்தே பார்க்கலையா?"

"பார்க்கலை. நீ பார்த்திருக்கேன்னு பார்க்கலை."

அது அவனுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். பேனாவை மூடி வைத்தான்.

"இது விட்டுப்போன பிழை இல்லண்ணா. இது போட்ட பிழை. அம்மாவைக் காப்பாத்தணும்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? நான் எழுதினதை எதுக்குத் தொட்டே?"

"மெதுவா பேசு. படுத்திருக்காங்க."

"ஒம்போது வருஷமா மெதுவாத்தான் பேசிக்கிட்டு இருக்கோம்."

பெரியவன் அம்மாவின் அறைக் கதவை ஒருமுறை பார்த்தான். பிறகு, தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"நான் சொல்றதை நம்புவியா? ஞாயித்துக்கிழமை காலைல உன் புரூஃபை எடுத்தேன். வழக்கம்போல கடைசிப் பக்கம். முதல்ல கண்ணுல பட்டதே இந்த வரிதான். அப்ப எனக்குக் கதை என்னன்னே தெரியாது. நீ சொன்னியா? இல்ல. 'பகல் பசி'ன்னு தலைப்பைப் பார்த்துட்டு ஏதோ வறுமைக் கதைன்னு நினைச்சேன்."

"வறுமைக் கதையா?"

"பின்னே? ஒரு அம்மா எதுக்குடி பிள்ளை கையைப் பிடிச்சுக் கடிக்கப் போறா? கம்போசிங்ல தப்பு விழுந்திருக்குன்னு 'த்'தை அடிச்சு 'ந்' போட்டேன். எவனா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பான்."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. காட்டேரிக் கதையென்று தெரியாமல் பின்பக்கமிருந்து படித்துக்கொண்டு வந்திருக்கிறான்! உலகத்தில் இந்தப் பிழையைப் போட இவன் ஒருவனால்தான் முடியும். அவனும் அசட்டுத்தனமாகச் சிரித்தான்.

சிரிப்பு அடங்கியதும் அவள் கேட்டாள்.

"சரி. ஆனா முதல் பக்கத்துக்கு வந்து சேர்ந்துட்டேல்ல?"

"வந்துட்டேன். புதன்கிழமை."

"அப்பத் தெரிஞ்சுருக்குமே."

"தெரிஞ்சது. காட்டேரி யாரு, வாசல் எந்த வாசல், எல்லாம் தெரிஞ்சது." மேசையில் விழுந்த சோற்றுப் பருக்கையை நகத்தால் சுரண்டினான். "மறுபடி கடைசிப் பக்கத்தை எடுத்தேன். பேனாவையும் எடுத்தேன்."

"எடுத்து?"

"ரெண்டு விதமாவும் படிச்சுப் பார்த்தேன். கடிந்தாள்னு இருந்தா, அந்தப் பையன் போறதும் இருக்கறதும் அவன் இஷ்டம். நானும் நின்னது என் இஷ்டம். அம்மாவுக்காக நானாத்தான் நின்னேன்னு இத்தனை வருஷம் சொல்லிக்கிட்டு இருக்கேன். கடித்தாள்னு மாத்திட்டா..." அவன் கண்ணாடியை மறுபடி கழற்றினான். "மாத்திட்டா எனக்கு என்னடி மிச்சம்?"

சின்னவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காலையிலிருந்து நின்ற கால். கோபம் இருந்த இடத்தில் இப்போது களைப்பு மட்டும்தான் இருந்தது. அண்ணனுக்குக் கண் திறக்க வேண்டும் என்று அவள் எழுதினாள். அவன் எல்லாம் தெரிந்தேதான் இத்தனை நாளும் கண்ணை மூடியிருக்கிறான். அந்த ஆறுதலைத் தட்டிப் பறிக்கிற உரிமை தனக்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மணி மூன்றே கால்.

"விடுண்ணா" என்றாள். "இப்படியே இருக்கட்டும். ஊருக்கே இதுதான் பிடிச்சிருக்கு. சார்கிட்டத் திருத்தம் ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடறேன்."

"உனக்கு?"

"எனக்கென்ன. இன்னொண்ணு எழுதிக்கறேன்."

பொய். இன்னொன்று எழுத அவளிடம் தெம்பு இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அவள் போனை எடுத்து எண்ணைத் தேடினாள்.

"கொஞ்சம் பொறு" என்றது ஒரு குரல்.

அம்மா அறை வாசலில் நின்றிருந்தாள். புடவை கசங்கவில்லை. படுத்ததாகவே தெரியவில்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

"நானும் படிச்சாச்சு" என்றாள் அம்மா, கதவைப் பிடித்துக்கொண்டு மேசைப் பக்கம் வந்தபடி. "போன வாரமே முடிச்சுட்டேன். நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனதும் எடுப்பேன், வர்றதுக்குள்ள வெச்சுடுவேன்."

சின்னவளின் விரல் பதிப்பாளர் எண்ணின் மேலேயே நின்றுவிட்டது.

"கதை பரவாயில்ல. நடுவுல ஆபீஸ் சமாசாரம் இழுவை. தொலைஞ்சுபோன ஒரு குடையைப் பத்தி நாலு பக்கம் எதுக்கு? அந்த லீவ் லெட்டர் நல்லா இருந்தது. அவ முட்டிவலியைச் சரியாச் சொல்லியிருக்கே. தைலம் பேரு மட்டும்தான் தப்பு." நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பி வாங்கும்போது பேசுகிற அதே குரல். "கடைசிப் பக்கத்துலயும் ஒரு தப்பு இருக்கு. அதை யாரும் பார்க்கலையா?"

பெரியவன் நிமிர்ந்தான். "அம்மா, அது..."

"நூத்தி எண்பத்தி மூணு பக்கம் பசியோட வர்றவ, கடைசியில நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிடுவாளாடா? அப்புறம் எதுக்கு அவ்வளவு கதை? 'கடித்தாள்'னுதானே இருந்திருக்கணும்?"

அடுத்த வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள்.

"கடிச்சவளுக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா.

சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தில் அழுகை இல்லை. வெகுநேரம் நின்றுவிட்டு உட்காருகிறவர்களின் களைப்பு மட்டும் இருந்தது. சின்னவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை. மகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவன் தங்கையின் கையிலிருந்த போனை வாங்கினான். பதிப்பாளர் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சார், நான்தான். கடைசிப் பக்கத்துல ஒரு எழுத்து மாத்தணும். 'ந்' போய் 'த்' வரணும். கடித்தாள்."

எதிர்முனையிலிருந்து வந்த கூப்பாடு மேசைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. பின் அட்டை என்ன ஆவது, அழுதவர்களுக்கு என்ன பதில், புள்ளிக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று ஒரே மூச்சில் கேட்டார்.

"ஆமா சார். எல்லாருக்கும் பிடிச்சிருக்கு, தெரியும். ஆனா எழுதினவ எழுதினது அது இல்ல. என் தப்பு. இருபத்தாறு வருஷத்துல இது பெரிய தப்பு, என்ன வேணா சொல்லிக்குங்க. ஆனா திருத்தாம மிஷின்ல ஏத்தாதீங்க."

போனை வைத்துவிட்டு, தங்கையின் பிரதியில் அந்த வரியின் மேல் குனிந்தான். சிவப்புப் பேனாவால் 'ந்'தை அடித்து, ஓரத்தில் 'த்' என்று எழுதினான். புள்ளியை அழுத்தி வைத்தான். சின்னவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. சந்தோஷம் எங்கே என்று தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

"அம்மா" என்றான் பெரியவன், தாளைவிட்டுத் தலையைத் தூக்காமல். "அன்னைக்கு நான் போயிருந்தா நீ என்ன பண்ணியிருப்பே?"

ஒன்பது வருடத்தில் இதை அவன் கேட்டதே இல்லை. அம்மா யோசித்தாள். ஆறுதலாக எதையாவது தேடுகிறாள் என்றுதான் சின்னவள் நினைத்தாள். நெஞ்சு வெடித்துச் செத்திருப்பேன் என்றாவது சொல்லிவிடேன் அம்மா என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

"ஒரு மாசம் அழுதிருப்பேன்" என்றாள் அம்மா. "அப்புறம் சமாளிச்சிருப்பேன்."

பெரியவன் தலையை ஆட்டினான். புரூஃப் தாள்களை ஒழுங்காக அடுக்கி, ஓரம் தட்டி, கிளிப் போட்டான். எழுந்து முகம் கழுவினான். ஆணியில் கிடந்த சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பில் காலை நுழைத்தான்.

"எங்கடா?" என்று கேட்க அம்மாவின் வாய் திறந்தது. கை நாற்காலியின் பிடியைவிட்டு எழுந்தது. பிறகு அவளே அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. படிகளில் அவன் இறங்கிப் போவதை இருவரும் கடைசிப் படிவரை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.